காது கேட்கிறது, சொல் புரியவில்லை!

பாபநாசத்தில் அகத்தியர் அருவிக்கு நீங்கள் போயிருக்கலாம். அருவியடியில் நிற்கும் நண்பன் உங்களைப் பார்த்து ஏதோ கத்துகிறான். குரல் வருகிறது, அவன் குரல்தான் என்றும் தெரிகிறது. ஆனால் ‘துண்டைக் கொடு’ என்கிறானா, ‘வண்டியை எடு’ என்கிறானா? விளங்கவில்லை. அருவியின் இரைச்சலில் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை எல்லாம் கலந்திருப்பதால், பேச்சிலுள்ள ஒலிகளை அது மூடிவிடுகிறது. தமிழுக்கு இலக்கணம் செய்தவர் என்று கதைகள் போற்றும் முனிவரின் பெயர் கொண்ட இடத்திலேயே தமிழ் விளங்காமல் போவது வேடிக்கைதான்!

இப்போது அருவியை மறந்துவிடுங்கள். சாதாரண வகுப்பறை. மேலே மின்விசிறி சுற்றுகிறது. வெளியே பஸ் போகிறது. ஆசிரியர் சொல்வது உங்களுக்கு நன்றாக விளங்குகிறது. பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் ஒருத்திக்கோ அதே வகுப்பறை அருவியடி போல இருக்கிறது. அவளைக் காது டாக்டரிடம் காட்டினால், “காதில் ஒரு குறையும் இல்லை” என்கிறார். பிறகென்ன? ‘கவனம் இல்லாதவள்’, ‘சொன்ன பேச்சுக் கேளாதவள்’ என்ற பட்டங்கள்தாம்.

இந்த நிலையைச் செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்கிறார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு ‘ஏ.பி.டி.’ என்றும் சொல்வதுண்டு. காது ஒலியை வாங்குகிறது; மூளை அதைப் பிரித்துப் பொருள் கொள்வதில் தடுமாறுகிறது.

பாளையங்கோட்டை செவித்திறன் குறைந்த பிள்ளைகளை நெடுங்காலமாக அறிந்த ஊர். 1890களில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அங்கே காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர்களுக்குப் படிப்பு வராது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. அவர் பெயரால் அது இன்று மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்து நிற்கிறது. அந்தக் குழந்தைகளின் குறையைச் செவித்திறன் சோதனை காட்டிவிடும். நாம் பேசுகிற பிள்ளைகளின் குறையோ அந்தச் சோதனையில் சிக்குவதில்லை.

ஏன் சிக்குவதில்லை? செவிப்பறை அதிர்கிறது, மூன்று சிறு எலும்புகள் அதை உட்செவிக்குக் கடத்துகின்றன, நத்தைச் சுருள் அதை நரம்புத் துடிப்பாக மாற்றுகிறது. ‘பீப்’ ஒலி கேட்டால் கையைத் தூக்கச் சொல்லும் சோதனை பெரும்பாலும் இந்தப் பயணம் சரியா என்றுதான் பார்க்கிறது. வழி அங்கே முடிவதில்லை. 1954இல் இத்தாலியில் எட்டோரே போக்கா என்ற மருத்துவரும் கூட்டாளிகளும், மூளையின் பொட்டுப் பகுதியில் கட்டி இருந்த நோயாளிகளைச் சோதித்தார்கள். ‘பீப்’ ஒலிகள் நன்றாகவே கேட்டன. ஆனால் உயர்ந்த சுருதிகளை வடிகட்டி எடுத்துவிட்டுச் சொற்களைக் கேட்கச் செய்தபோது, கட்டி இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காதில் பொருள் விளங்குவது குறைந்துவிட்டது. நல்ல காதை வைத்துக்கொண்டும் சொல்லை இழக்கலாம் என்பதற்கு அது தெளிவான சான்று. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இப்படிக் கட்டி எதுவும் இருப்பதில்லை, பயப்பட வேண்டாம்.

மூளைக்கு இங்கே என்ன வேலை என்கிறீர்களா? முக்கியமாக, நேரத்தை அளப்பது. தமிழ் இலக்கணத்தில் மாத்திரை படித்திருப்பீர்களே! குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் தொல்காப்பியர் அளவாகக் கொண்டார். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தக் கணக்கை உங்கள் மூளை ஒவ்வொரு சொல்லிலும் போடுகிறது. ‘பல்’, ‘பால்’ இரண்டுக்கும் வேறுபாடு உயிரின் நீளம். ‘படம்’, ‘பட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பட்டம்’ என்னும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் குரல் ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஏறக்குறைய வினாடியில் பத்தில் ஒரு பங்கு மௌனம். நல்ல செவிப்புலன் உள்ளவர்கள் இரைச்சலின் நடுவே இரண்டு மூன்று மில்லி வினாடி மௌனத்தைக்கூடக் கண்டுகொள்கிறார்கள். இந்த அளவீடு பிசகினால் பட்டமும் படமும் ஒன்றாகிவிடும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு நண்பர்கள் உங்கள் இரு காதுகளின் அருகே நின்று, ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களை மெல்லிய குரலில் சொல்லட்டும். வலப்பக்கம் ‘ஐந்து’, இடப்பக்கம் ‘எட்டு’. இரண்டையும் திருப்பிச் சொல்ல முடிகிறதா? 1961இல் கனடாவில் டோரீன் கிமுரா இப்படிப்பட்ட சோதனையில், பெரும்பாலோர்க்கு வலக்காதில் விழுந்த சொற்கள் சற்று நன்றாக நினைவில் நிற்பதைக் கண்டார். மொழியை ஆளும் பகுதி பலருக்கு மூளையின் இடப்பக்கம் இருப்பதே காரணம். இடக்காதின் செய்தி அங்கே சேர மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். அந்தப் பாலம் முற்றி வளர ஆண்டுகள் பல ஆகின்றன. ஆகவேதான் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சோதனைகளை வைத்து முடிவு கட்டுவதில்லை.

அடையாளங்கள் எவை? அடிக்கடி ‘என்ன?’ என்று கேட்பது, சந்தடியில் தடுமாறுவது, நீண்ட கட்டளையில் முதல் பாதியை மட்டும் செய்வது, சொல்வதை எழுதும்போது எழுத்துக்களை விடுவது. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனத்தில் ஆசிரியர்களுக்கென்றே 12 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று உருவாக்கப்பட்டிருக்கிறது. அதில் ஐயம் எழுந்தால் மேற்சோதனை.

ஆனால் பட்டியலைப் பார்த்ததும் தோழனுக்கு நோயின் பெயர் சூட்டிவிடாதீர்கள்! நடுச்செவியில் நீர் கோத்தாலும் இதே அடையாளங்கள் வரும். கவனக் குறைபாட்டிலும் வரும். இங்கிலாந்தில் டேவிட் மூரும் குழுவினரும் 1,469 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய தொல்லைகள் ஒலியை உணர்வதைவிடக் கவனத்தோடுதான் அதிகம் தொடர்புடையவை என்றது. இது தனிக் குறைபாடுதானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிள்ளை படும் பாடு உண்மை என்பதில் மட்டும் வாதமில்லை.

மருந்து மாத்திரை இதற்கு இல்லை. வகுப்பறையிலிருந்து தொடங்க வேண்டும். கணக்கைப் பாருங்கள்: திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் குறையும். ஆசிரியரின் குரல் ஒரு மீட்டரில் 60 டெசிபல் என்றால், 2 மீட்டரில் 54, 4 மீட்டரில் 48, 8 மீட்டரில் 42. விசிறியும் சாலையும் சேர்ந்து 50 டெசிபல் இரைச்சல் என்று வையுங்கள். நாலாவது மீட்டரிலேயே குரல் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடுகிறது! அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பிச் சற்று உதவும். ஆனால் அந்த எதிரொலி சொற்களைக் குழப்பவும் செய்யும். பிள்ளைகளுக்குக் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் மேலே இருக்க வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். எனவே முதல் பெஞ்சில், ஜன்னலுக்கும் விசிறிக்கும் தள்ளி இடம் கொடுப்பது காசில்லாத வைத்தியம். ஆசிரியர் சட்டையில் சிறு மைக், மாணவர் காதில் சிறு கருவி என்ற ஏற்பாடும் உண்டு. அது தூரத்தையே ஒழித்துவிடுகிறது. காதுக்குப் பயிற்சியும் உண்டு. வலுவான காதில் ஒலியைக் குறைத்து, தளர்ந்த காதுக்கு வேலை கொடுத்து, சிறிது சிறிதாகச் சமன் செய்கிறார்கள்.

உங்கள் வகுப்பில் ஒருவர் மறுபடி மறுபடி ‘என்ன?’ என்று கேட்டால் உரக்கக் கத்தாதீர்கள். அவர் முகம் பார்த்து, சற்று நிதானமாக, வேறு சொற்களில் சொல்லுங்கள். பெற்றோருக்குச் செய்தி போகட்டும். நெல்லைப் பக்கத்துப் பிள்ளையானால், ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் முதலில் காதைச் சோதித்துக்கொள்ளலாம். காது சரியாக இருந்து தொல்லை தொடர்ந்தால், செவிப்புல வல்லுநரிடம் மேற்சோதனை பற்றிக் கேட்க வேண்டும்.