பித்தப்பைக் கல்லும் மஞ்சள் காமாலையும்

வாய் கசந்தால் பித்தம், தலை சுற்றினால் பித்தம், குதிகால் வெடித்தால் பித்த வெடிப்பு. டெல்லிக்கு வந்து எத்தனை வருஷம் ஆனாலும் நம் வீடுகளில் இந்தப் பேச்சு மாறுவதில்லை. ஆனால் நம்மவர்கள் நாலைந்து குடும்பம் ஓரிடத்தில் கூடினால், ஒரு வீட்டிலாவது பித்தப்பையை ஆபரேஷன் செய்து எடுத்தவர் இருக்கிறார். ஆகவே இந்தப் பித்தத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நான் டாக்டர் அல்லன். டிப்ளமா படித்து, ரயில்வே காலனிகளின் குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். குழாய், தொட்டி, அடைப்பு என்றால் எனக்குப் புரியும். இந்த உறுப்புகளின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

கல்லீரல் வலது விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. எடை சுமார் ஒன்றரை கிலோ. நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியாக ஓடுகிறது. அதில் முக்கால் பங்கு, குடலிலிருந்து ஜீரணச் சத்தை ஏற்றிக்கொண்டு வரும் ரத்தம். கூட்ஸ் வண்டிகளெல்லாம் யார்டுக்கு வந்து பிரிக்கப்பட்டுப் போவதைப் போல, சாப்பிட்ட சத்து, விழுங்கிய மாத்திரை, குடித்த சாராயம் எல்லாம் முதலில் இங்கேதான் வந்தாக வேண்டும். வேண்டியதைச் சேமித்து, விஷத்தை முறித்து அனுப்புவது அதன் வேலை. பித்தநீரைச் சுரப்பதும் அதுவே. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல்.

பித்தப்பை ஒரு சின்னத் தொட்டி, அவ்வளவுதான். கொள்ளளவு 30 முதல் 50 மில்லி. பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருக்கும். நாம் நெய்யோ எண்ணெயோ சாப்பிட்டதும் சுருங்கி, குழாய் வழியே சிறுகுடலுக்குள் விடும். கொழுப்பு கரைய அது வேண்டும். கெட்டியாகும் இடத்தில் கசடு படிவதும் இயல்புதானே! கொலஸ்ட்ரால் அதிகமாகிப் படிந்தால் கல். பெண்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு, இது அதிகம். உடம்பை இளைக்க வைக்கிறேன் என்று பட்டினி கிடந்து வேகமாக எடை குறைப்பவர்களுக்கும் வரும்.

ரயில்வேக்காரன் என்பதால் ஒரு விஷயம் எனக்கு விசேஷமாகப் பட்டது. மல்ஹோத்ரா என்ற ரயில்வே டாக்டர், இந்திய ரயில்வே ஊழியர்களிடையே பித்தப்பைக் கல்லை ஆராய்ந்து 1968இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்னிந்திய ஊழியர்களைவிட வட இந்திய ஊழியர்களுக்கு ஏழு மடங்கு அதிகம் என்று கண்டார். கல்லின் வகையிலும் வித்தியாசம் உண்டு. வடக்கே பெரும்பாலும் கொலஸ்ட்ரால் கல். தெற்கே நிறமிக் கல் அதிகம். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாதே" என்று ஊர்க் கணக்கைச் சொல்லி இங்கே நாம் நிம்மதியாக இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

கல் இருப்பவர்களில் பலருக்குத் தொந்தரவே இராது. வலி வந்தால் அதற்கு ஓர் அடையாளம் உண்டு. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெரும்பாலும் ராத்திரியில், மேல்வயிற்றிலோ வலது பக்கத்திலோ பிடித்து, முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் ஏறும். மணிக்கணக்கில் நிற்கும். நம்மவர்கள் இதை வாயு என்று சொல்லி, பெருங்காயமும் ஓம வாட்டரும் குடித்து வருஷக்கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் ஓர் அல்ட்ரா சவுண்ட் எடுத்தால் தெரிந்துவிடும். (மேல்வயிற்று வலி மாரடைப்பாகவும் இருக்கலாம், வியர்த்தால், மூச்சு வாங்கினால் முதலில் இ.சி.ஜி.)

கல் பையை விட்டு நழுவிப் பொதுக் குழாயில் சிக்கினால்தான் ஆபத்து. கணையத்தின் குழாயும் பித்தக் குழாயும் குடலில் நுழையுமிடத்தில் ஒன்று சேருகின்றன. இரண்டு லைன் சேரும் ஜங்ஷனில் வண்டி நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் தடைதான். கணையமும் வீங்கும், பித்தம் ரத்தத்தில் ஏறிக் கண் மஞ்சளாகும்.

இங்கேதான் கவனம் வேண்டும். மஞ்சள் காமாலை எல்லாம் ஒன்றல்ல. அசுத்தத் தண்ணீரால் வைரஸ் புகுந்து கல்லீரல் வீங்குவது ஒரு வகை. 1955-56இல் இதே டெல்லியில் சாக்கடை நீர் யமுனையில் வஜீராபாத் நீரேற்று நிலையம் வரை எதிர்த்து வந்து கலந்ததில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஹெபடைடிஸ் ஈ என்று பிற்காலத்தில்தான் தெரிந்தது. இந்த வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கும். அதனால்தான் கீழாநெல்லிக்கும், இங்கே கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவிப் 'பீலியா' இறக்குகிறவருக்கும் நல்ல பெயர். ஆனால் கர்ப்பிணிக்கு இது உயிராபத்து; ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

அடைப்புக் காமாலை தானே இறங்கும் என்று காத்திருக்கக் கூடாது. மலம் களிமண் நிறமாக வெளுக்கும், சிறுநீர் கறுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். வலியோடு குளிர் ஜுரமும் சேர்ந்தால், குழாயில் தேங்கிய பித்தத்தில் சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. எண்டோஸ்கோப்பை வாய் வழியே செலுத்திக் கல்லை எடுத்துவிடுவார்கள். கல் இல்லாமல், கட்டியாலும் அடைப்பு வரும். கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் மற்ற இடங்களைவிட அதிகம். வலியில்லாமல் கண் மஞ்சளாகி, எடையும் குறைந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆபரேஷனைப் பற்றிய பயம் இப்போது தேவையில்லை. வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுக்கும் முறையை 1990இல் பம்பாயில் டாக்டர் உட்வாடியா இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். பை போன பிறகு பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். முதல் சில வாரம் எண்ணெய்ப் பலகாரத்தால் சிலருக்கு வயிறு இளகும். பிறகு பொங்கலும் வடையும் அளவோடு சாப்பிடத் தடையில்லை.