சாலையைக் கெடுப்பது மழை மட்டுமா?

அறுவடை நேரத்தில் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரு குறையைக் கேட்கிறேன். "விளைய வைச்சுட்டோம் சார், ரோடு மோசம்னு லாரி உள்ளே வரமாட்டேங்குது." வாழைத்தாரைத் தலைச்சுமையாகக் கொண்டுவர ஆள்கூலி கூடுகிறது. குலுங்கிப்போன தக்காளிக்குச் சந்தையில் விலை குறைகிறது.

ஊராட்சியிடம் புதுச் சாலை கேட்கிறோம். ஆனால், 2021-26க்கான 15-வது நிதி ஆணைய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தில்தான் சாலை, தெருவிளக்கு போன்ற மற்ற தேவைகள். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலையையும் ஒப்பந்ததாரர் 5 ஆண்டுகள்தான் பராமரிப்பார்.

கையில் இருப்பது சிறு தொகை என்றால், அதைத் தண்ணீரை வடிக்கச் செலவிடுவதே லாபம். தார் மேல் தேங்கும் நீர், வெடிப்பு வழியே இறங்கி அடிமண்ணைச் சேறாக்குகிறது. அதன்மேல் வண்டி ஏறினால் ஜல்லி அமுங்கிப் பள்ளம் விழுகிறது. 3 மீட்டர் அகலத் தார்ச் சாலையின் நடுப்பகுதி, ஓரத்தைவிட 4 முதல் 5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். ஓர வடிகாலும் சிறுபாலமும் அடைப்பின்றி இருக்க வேண்டும்.

இதில் நம் தவறும் உண்டு. சாலையோர மண்ணை வெட்டி வயலோடு சேர்க்கிறோம். பிடிமானம் இழந்த தார் ஓரத்திலிருந்து உடைகிறது. வடிகாலை மூடி வண்டிப்பாதை போடுகிறோம். பாசன நீரைச் சாலை மேலேயே விடுகிறோம்.

இனி இவற்றைச் செய்யுங்கள்:

* வயலுக்கு வண்டி இறங்கும் இடத்தில், வடிகாலை மூடாமல் குழாய் பதித்து மண் போடுங்கள்.
* சேற்றுழவு முடிந்ததும் டிராக்டரின் கேஜ் வீலைக் கழற்றிவிட்டுச் சாலையில் ஏற்றுங்கள்.
* நெல், கரும்பை அளவாக ஏற்றுங்கள். அச்சில் இறங்கும் எடை இரு மடங்கானால் சாலையின் சேதம் சுமார் 16 மடங்காகும் என்பது பொறியாளர்கள் கணக்கு.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் புதுச் சாலையோடு நிறுத்தாமல், வடிகால் தூர்வாருதல், சிறுபால அடைப்பு நீக்குதல், பள்ளங்களைச் சிறிதாக இருக்கும்போதே அடைத்தல் ஆகிய மூன்றையும் தீர்மானமாகக் கேளுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முடித்துவிடலாம். அப்போதுதான் தை அறுவடைக்கு லாரி களம்வரை வரும்.