மழலையும் ஐயக்கிளவியும்

மொழி கற்றல் என்பது பொருள்களின் பெயரைக் கற்றல் மட்டுமன்று. தான் கூறும் செய்தி தனக்கு எத்துணை உறுதியானது என்பதைக் கேட்போர்க்குப் புலப்படுத்தக் கற்றலும் அதன்பாற்படும். ‘போல’, ‘ஒருவேளை’, ‘ஆக்கும்’, ‘ஆம்’ என்றின்னோரன்ன சொற்களும் ஈறுகளும் இத்தொழிலையே செய்கின்றன. மேனாட்டு மொழியியலாருள் ஜோர்ஜ் லேக்கொவ் என்பார் 1972 ஆம் ஆண்டில் இத்தகைய சொற்களைத் தனிவகையாக எடுத்து ஆராய்ந்தார். தமிழர்க்கு இது புதிய பொருளன்று. ‘கொல்’ என்னும் இடைச்சொல் ஐயப்பொருள் தரும் என்பது தொல்காப்பிய இடையியலின் விதி. தொலைவில் தோன்றும் உருவம் யாதெனத் துணியாதவிடத்து எச்சொல்லாற் கூறவேண்டும் என்பதைக் கிளவியாக்கம் வகுத்துரைக்கின்றது.

புலவர் சூத்திரஞ் செய்து விளக்கிய இந்நுட்பத்தைப் பள்ளி வாயிலை மிதியாத குழந்தை எங்ஙனம் கைக்கொள்கின்றது?

ஈழத்தின் கீழ்க்கரையில், அம்பாறை மாவட்டத்து அட்டாளைச்சேனையில், ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். வாயிலிற் சைக்கிள் மணி ஒலிக்கின்றது. தந்தையைக் கண்ட குழந்தை, ‘வாப்பா வந்திட்டார்’ என்னும். உள்ளிருந்து மணியொலியை மட்டும் கேட்ட குழந்தை, ‘வாப்பா வந்திட்டாராக்கும்’ என்னும். தமக்கை சொல்லக் கேட்ட குழந்தை, ‘வாப்பா வந்திட்டாராம்’ என்னும். வினை ஒன்றே, முடிபு மூன்று. சிவஞானசித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்கும். அங்கு உரை என்பது ஆகமத்தையே முதன்மையாகச் சுட்டுமாயினும், அறிவு வரும் வாயில்கள் வெவ்வேறு என்னும் உண்மை இம்மழலைப் பேச்சிலும் விளங்குகின்றது. கண்டதற்கு வெறும் வினைமுற்று, கருதியதற்கு ‘ஆக்கும்’, கேட்டதற்கு ‘ஆம்’.

இவற்றுள் ‘ஆம்’ ஈற்றைப் பயிற்றும் பள்ளிகள் வீட்டிலேயே மூன்று உள. முதலாவது தூது. அயல்வீட்டுக்கு அனுப்பப்படும் சிறுபிள்ளை, ‘உம்மா உங்கள வரட்டாம்’ என்று சொல்லி நிற்கின்றது. கட்டளை தன்னுடையதன்று, தாயினுடையது என்பதை அவ்வோரீறு காட்டிவிடுகின்றது. இரண்டாவது கதை. ‘ஓர் ஊரில ஒரு ராசா இருந்தாராம்’ என மூதாட்டி தொடங்கும்போதே, அவர் அவ்வரசனைக் கண்டவரல்லர் என்பது கேட்கும் குழந்தைக்குத் தெளிவாகின்றது. மூன்றாவது விளையாட்டு. ‘நான் உம்மாவாம், நீ பிள்ளையாம்’ என மணல்வீட்டிற் பாத்திரம் வகுக்கும் சிறுமி, உண்மைக்கும் புனைவுக்கும் இடையே வரம்பு கட்டுகின்றாள்.

‘போல’ என்னும் சொல்லோ முதலில் உவமையாகப் பயின்று, பின்னர் உய்த்துணர்வுக்கு உரியதாகின்றது. ‘பூனை போல’ என்பது கண்ணாற் கண்ட ஒப்புமை. ‘மழை வரும் போல’ என்பது முகிலைக் கண்டு செய்த அனுமானம். ‘ஆக்கும்’ என்பது இலங்கைப் பேச்சுத் தமிழில் இவ்வனுமானத்தை இன்னும் சுருக்கிக் கூறுவது.

பிள்ளைகள் இவ்வேறுபாட்டை எவ்வயதில் உணர்கின்றனர் என்பதைப் பிறநாட்டார் சோதித்துள்ளனர். மூர் முதலியோர் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இரு பெட்டிகளுள் ஒன்றிற் பொருளை மறைத்து, ஒரு பாவை ‘இதிலென அறிவேன்’ என்றும், மற்றது ‘அதிலென நினைக்கிறேன்’ என்றும் கூறச் செய்தனர். மூன்று வயதினர் வேறுபாடு கண்டிலர். நான்கு வயதினர் ‘அறிவேன்’ என்றதை நம்பினர். யப்பானியப் பிள்ளைகளை ஆராய்ந்த மட்சுயி முதலியோரின் 2006 ஆம் ஆண்டு ஆய்வோ, வினைச்சொற்களால் உணரவியலாத இவ்வேறுபாட்டை, வாக்கிய இறுதியில் வரும் இடைச்சொற்களால் மூன்று வயதினரும் உணர்ந்தனர் எனக் காட்டிற்று. தமிழும் வாக்கிய இறுதியிலேயே ஐயத்தை அமைக்கும் மொழியாதலின், இம்முடிபு தமிழாசிரியர் கருதத்தக்கது.

எதிர்காலச் செயலைக் கூறுங்கால் ‘இன்ஷா அல்லாஹ்’ எனச் சேர்த்துரைக்க இவ்வூர்ப் பிள்ளைகள் இளமையிலேயே பழக்கப்படுகின்றனர். ‘நாளை செய்வேன்’ என்று இறைநாட்டத்தைக் குறியாது சொல்லற்க எனத் திருக்குர்ஆனின் 18 ஆம் அத்தியாயம் அறிவுறுத்துகின்றது. மனிதன் தன் அறிவின் எல்லையை உணர்ந்து பேசுதல் சமயவொழுக்கமாகவும் அமைதல் இதனாற் பெறப்படும்.

இங்ஙனம் வீடு கற்பித்ததை வகுப்பறை பலகாற் கெடுத்துவிடுகின்றது. ‘ஐந்தும் எட்டும் எத்தனை?’ என்ற வினாவுக்கு, ‘பதின்மூண்டாக்கும்’ என விடைவருகின்றது. ‘அதென்ன ஆக்கும்? சரியாகச் சொல்!’ என்று ஆசிரியர் அதட்டுகின்றார். விடை சரியே, அதன் உறுதி குறைவு என்று பிள்ளை நேர்மையாகவே அறிவித்தது. அதட்டலுக்குப் பின் அது இரண்டிலொன்றைப் பழகும்: வாய் மூடியிருத்தல், அன்றித் தெரியாததையும் தெரிந்ததுபோல உரத்துக் கூறல். இரண்டும் கல்விக்குப் பகை. ‘ஆக்கும்’ என்பதைப் பொறுப்பினின்று தப்பும் வழியாகக் கொள்ளும் பிள்ளையும் உண்டு. அதற்கும் மருந்து அதட்டலன்று, ‘எப்படித் தெரியும்? பார்த்தாயா, கேட்டாயா, நினைத்தாயா?’ என்னும் வினாவேயாகும். அவ்வினா ‘ஆக்கும்’ என்பதை விலக்குவதில்லை. விரலெண்ணியோ எழுதியோ பார்த்து அதனைத் துணிபாக்கும் வழியைத் திறக்கின்றது.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையாற் பேரிழப்புற்றது இக்கரை. ‘கடல் வருகுது’, ‘கடல் வருகுதாம்’, ‘கடல் வருகுதாக்கும்’ என்பவற்றின் வேறுபாடு இங்கு இலக்கண ஆராய்ச்சி மட்டுமன்று. கேள்விப்பட்ட செய்திக்கும் ஓடவேண்டிய வேளையுண்டு. ஆயினும் கூறுவோன் கண்டானா, கேட்டானா, கருதினானா என்பதை அறிதல் கேட்போரின் உரிமை. அவ்வுரிமையை மதித்துப் பேசும் நாவை மூன்று, நான்கு வயதிலேயே குழந்தை பெற்றுவிடுகின்றது; அதனை மழுங்கவிடாது காத்தல் ஆசிரியர் கடன்.