ஐந்து மைலுக்குள் ஒரு வீடு

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்றார்கள் நம் பெரியோர்கள். இரண்டும் மனிதனைக் கடனாளியாக்கும் காரியங்கள். கல்யாணச் செலவு ஒரு புறம் இருக்கட்டும். வீட்டுச் செலவையாவது குறைக்க மார்க்கம் உண்டா? உண்டு என்று செய்து காட்டியவர் லாரி பேக்கர்.

1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, கட்டடக் கலை பயின்றவர் இவர். இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது சீனாவில் வைத்தியத் தொண்டு புரிந்துவிட்டுத் தாயகம் திரும்புகையில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருக்க நேர்ந்தது. அங்கே மகாத்மா காந்தியைத் தரிசித்தார். கிராமத்து வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் யாவும் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருக்கவேண்டும் என்பது மகாத்மாவின் கருத்து. 1945-ல் இந்தியாவுக்கே வந்துவிட்ட பேக்கருக்கு அதுவே வாழ்நாள் மந்திரமாயிற்று. இமயமலைச் சாரலில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தபோது, உள்ளூர்த் தொழிலாளரின் கைத்திறனே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பின்னர்த் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் காலமாகும் வரை சிக்கன வீடுகளுக்காகவே உழைத்தார்.

அவருடைய முறைகளில் மாயம் ஒன்றுமில்லை. சாதாரணமாகச் செங்கல்லைப் படுக்க வைத்துச் சுவர் எழுப்புவார்கள். அவரோ செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டச் செய்தார். 'எலிப்பொறிக் கட்டு' என்பது இதன் பெயர். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். நடுவில் அடைபட்ட காற்று, வெயிலின் உஷ்ணத்தை எளிதில் உள்ளே விடாது. சுவரிலேயே செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கினால், ஜன்னல் மரத்தின் செலவில்லாமல் காற்றும் வெளிச்சமும் வரும். கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில், கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட்டுக்கு அதிக வேலையில்லை. அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் குறையும், கூரையின் பாரமும் குறையும்.

மண் சுவரையும் அவர் இகழ்ந்தாரில்லை. பருத்த மண் சுவர் பகல் வெப்பத்தை மெள்ள வாங்குவதால், நடுப்பகலிலும் வீடு குளிர்ந்திருக்கும். அதற்குச் சத்துரு தண்ணீர் ஒன்றே. உயர்ந்த அஸ்திவாரமும், சாரல் படாதபடி நீண்ட கூரை விளிம்பும் இருந்தால் அது பல தலைமுறைகள் நிற்கும். நம் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில், மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கற்கள் செய்கிறார்கள். சூளையுமில்லை, விறகுமில்லை.

ஆனால் எல்லா மண்ணும் உதவாது. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும். வெள்ளம் தேங்கும் இடத்திலும், பூகம்பம் நேரும் பிரதேசத்திலும் தக்க நிபுணரைக் கலந்துகொள்ளாமல் மண் சுவர் எழுப்புவது அபாயம்.

தடையாக நிற்பது மண்ணன்று, நம் மனமே. 'மண் வீடா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்ற ஒரு வார்த்தைக்கு அஞ்சிக் கடன் வாங்குகிறோம். கோடையில் அடுப்புப் போல் காயும் கான்கிரீட் பெட்டிக்குள் இருந்துகொண்டு, ஆயுள் முழுதும் வட்டி கட்டுகிறோம். சிமெண்டுக்கும் இரும்புக்கும் கொடுத்த பணம் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. கொத்தனாருக்கும் ஓடு செய்பவருக்கும் கொடுத்த பணம் ஊரிலேயே சுற்றி வருகிறது.

சுதேசி என்பது உடுக்கும் துணியோடு முடிந்துவிடுவதன்று. மனை வாங்கியவர்கள் கடைக்குப் போகுமுன், ஊரைச் சுற்றி ஐந்து மைல் நடந்து பார்க்கட்டும். வேண்டிய வீட்டில் பெரும்பகுதி அங்கேயே கிடக்கக் காண்பார்கள்.