பரண் மேல கிடந்த கப்பல்: ஒரு ஹாபிக்கு உண்மையில எவ்வளவு செலவாகுது?



போன வீடியோல நான் எஸ்ஐபி பத்தி பேசினேன். ஆனா பாதி பேர் கேட்டது என் பின்னாடி கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த பாய்மரக் கப்பலைப் பத்தி. "சார், அது எங்க வாங்கினீங்க? எவ்வளவு ஆச்சு?"

வாங்கல, நானே கட்டினது. எவ்வளவு ஆச்சுங்கற கேள்விக்கு மூணு வருஷமா என் வீட்டிலேயே நான் சரியான பதில் சொல்லல. ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வைங்கன்னு உங்களுக்குச் சொல்ற ஆள்தான் நான். அதனால இன்னிக்கு முழுக் கணக்கையும் போட்டு உடைச்சிடறேன்.

பெட்டியைப் பார்த்து விழுந்த கதை

ஒரு வருஷம் போனஸ் கொஞ்சம் நல்லா வந்தது. அந்த வாரமே ஒரு மரக் கப்பல் கிட் ஆர்டர் பண்ணிட்டேன். எச்எம்எஸ் பீகிள். இளைஞரா இருந்த சார்லஸ் டார்வின் 1831-லேர்ந்து 1836 வரைக்கும் உலகம் சுத்தின அதே கப்பல். அளவு 1:60. நிஜக் கப்பலோட நீளம் சுமார் 90 அடி, மாடல்ல உடல் மட்டும் 46 சென்டிமீட்டர் வரும்.

கிட் விலை 24,000 ரூபாய். கூரியர், கஸ்டம்ஸ், வரி எல்லாம் சேர்ந்து இன்னொரு 9,500. பெட்டி வீட்டு வாசலுக்கு வந்த அன்னிக்குத்தான் இந்த ரெண்டாவது தொகை எனக்கே தெரிஞ்சது. அப்புறம் டூல்ஸ்: கையால சுத்தற சின்ன டிரில், ஊசி அரம், ட்வீசர், கிளாம்ப், உப்புத்தாள், வெட்டற கத்தி. அது 7,800.

மனைவி கேட்டாங்க: "ஏங்க, இந்தப் பெட்டி எவ்வளவு?"

"அது... ஆஃபர்ல வந்தது" அப்படின்னேன். மாசக் கணக்குல "இதர செலவு"ன்னு ஒரு வரி எழுதி முடிச்சிட்டேன்.

எங்க மாட்டினேன்?

இந்த மாதிரி கிட்ல முதல்ல நடுவுல ஒரு நீளமான அடிக்கட்டை. அதுல மீன் முள்ளு மாதிரி குறுக்குச் சட்டங்கள். அதுக்கு மேல மெல்லிய மரப் பட்டைகளை ஒண்ணொண்ணா வளைச்சு ஒட்டணும். பட்டையை ஒட்டறதுக்கு முன்னாடி குறுக்குச் சட்டங்களோட ஓரத்தைச் சாய்வா தேய்க்கணும். அப்பதான் பட்டை முழுசா படிஞ்சு உட்காரும்.

நான் அதைச் சரியா தேய்க்கல. அவசரம்! முன்பக்கம் வளையற இடத்துல பட்டையைத் தண்ணியில ஊற வைக்காம, சூப்பர் க்ளூ போட்டு அழுத்திப் பிடிச்சேன். ரெண்டு உடைஞ்சது. ஒட்டினதுல இடைவெளி. ஒரு பக்கம் உப்பல், இன்னொரு பக்கம் பள்ளம். 35 மணி நேரம் வேலை செஞ்சதும் வெறுத்துப் போய் பெட்டியை மூடிப் பரண் மேல போட்டேன்.

இப்ப கணக்கைப் பாருங்க. 41,300 ரூபாய் செலவு, 35 மணி நேர பொழுதுபோக்கு. ஒரு மணி நேரத்துக்கு 1,180 ரூபாய்! குடும்பத்தோட சினிமா போனாலும் அவ்வளவு ஆகாது.

நிஜ பீகிளும் சும்மாதான் கிடந்தது

ரொம்ப நாள் கழிச்சு பீகிளோட வரலாறு படிச்சேன். 1820 மே மாசம் வூல்விச் கப்பல் தளத்துல கடல்ல இறக்கினாங்க. செலவு 7,803 பவுண்ட். ஆனா நெப்போலியன் போர் முடிஞ்சு போச்சு, கப்பலுக்கு உடனடியா வேலை இல்ல. பாய்மரம், கயிறு எதுவுமே இல்லாம 5 வருஷம் சும்மா மிதந்துட்டு இருந்தது. 1825-லதான் ஆய்வுப் பயணத்துக்காக மாத்தி அமைக்கிற வேலை ஆரம்பிச்சது. அப்ப மூணாவதா ஒரு பாய்மரமும் சேர்த்தாங்க.

அதைப் படிச்ச அன்னிக்கு பரணைப் பார்த்தேன். சரி, நம்ம கப்பலும் காத்திருக்குன்னு வச்சுக்கலாம்னு தோணுச்சு. ஆனா இந்த தடவை வேற வழியில போனேன்.

திரும்ப ஆரம்பிச்சது சின்னப் படகுல

அமெரிக்காவுல இருந்து வந்த மச்சான்கிட்ட சொல்லி மாடல் ஷிப்வேஸ் நிறுவனத்தோட மூணு சின்ன கிட் வரவழைச்சேன். ஆரம்பிக்கறவங்களுக்காகவே படிப்படியா வடிவமைச்ச வரிசை அது: லோவெல் கிராண்ட் பேங்க்ஸ் டோரி, நார்வே நாட்டு பிராம், மஸ்கோங்கஸ் பே லாப்ஸ்டர் ஸ்மாக். டோரியில பலகை வளைக்கக் கத்துக்கலாம், பிராம்ல பாய்மரம் வருது, மூணாவதுல கயிறு வேலை கூடுது. செலவு 16,000. மூணுக்கும் சேர்த்து 90 மணி நேரம் ஆச்சு.

இந்த தடவை வாங்கறதுக்கு முன்னாடியே மனைவிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பழைய 41,300 உட்பட. அவங்க திட்டல. "முடிக்காம விட்டீங்கன்னா அதுதான் தண்டம். முடிச்சிடுங்க" அப்படின்னாங்க. ஆஃபர்னு சொன்ன பொய்தான் அவங்களுக்கு வருத்தம். அது நியாயமான வருத்தம்.

அப்புறம் பீகிளைக் கீழ இறக்கினேன். ஒரு ஆச்சரியம் இருந்தது. என் கிட்ல பட்டை ரெண்டு அடுக்கு. முதல் அடுக்கு தடிமனான சாதா மரம். அதுக்கு மேல அரை மில்லிமீட்டர் மெல்லிய வால்நட் பட்டை. முதல் அடுக்கு கண்ணுக்கே தெரியாது! உடைஞ்சதைப் பிரிச்சு, இடைவெளியை மரப் புட்டி வச்சு அடைச்சு, தேய்ச்சு எடுத்ததும் உடல் சீராயிடுச்சு. தூக்கிப் போட நினைச்ச வேலை மூணு வார இறுதியில சரியாச்சு.

கயிறு கட்டறது: பொறுமைக்கு வர்ற பில்

நிறைய பேர் விடற இன்னொரு இடம் கயிறு வேலை. பாய்மரத்தை அசையாம பிடிக்கிற கருப்புக் கயிறு ஒரு வகை. பாய்களையும் குறுக்குக் கம்புகளையும் இயக்கற வெளிர் நிறக் கயிறு இன்னொரு வகை. முதல் வகையை முடிச்சிட்டுத்தான் ரெண்டாவதுக்குப் போகணும்.

பாய்மரத்துக்கு ரெண்டு பக்கமும் ஏணி மாதிரி தெரியுதே, அதுல படிகள் நிஜக் கப்பல்ல 13-லேர்ந்து 15 அங்குலத்துக்கு ஒண்ணு. 1:60 அளவுல சுமார் 6 மில்லிமீட்டர். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு நெடுங்கயித்தைக் கடக்கற இடத்துல ஒரு முடிச்சு. நான் போட்டது 700-க்கு மேல. முடிச்சுக்கு ஒன்றரை நிமிஷம்னு வச்சாலும் பதினேழரை மணி நேரம்!

நான் அடி பட்டுக் கத்துக்கிட்டது:

- குறுக்குக் கம்புல வர்ற சின்னக் கப்பிகளை எல்லாம் மேஜை மேலயே கட்டிடுங்க. கப்பல்ல ஏத்தின பிறகு விரல் போகாது.
- வலது ஒரு கயிறு, இடது ஒரு கயிறுன்னு மாத்தி மாத்திக் கட்டுங்க. ஒரே பக்கமா கட்டினா பாய்மரம் சாஞ்சுடும்.
- பருத்தி நூல் காத்துல இருக்கற ஈரத்துக்கு ஏத்த மாதிரி இறுகும், தளரும். பாலியஸ்டர் நூல் பரவாயில்ல.
- தினம் ஒரு மணி நேரம் போதும். கண்ணு வலிச்சா எழுந்துடுங்க.

முழுக் கணக்கு

- கிட்: 24,000
- கூரியர், கஸ்டம்ஸ், வரி: 9,500
- டூல்ஸ்: 7,800
- மாத்து நூல், கப்பி: 4,200
- கண்ணாடிப் பெட்டி: 11,000
- மூணு சின்ன கிட்: 16,000
- மொத்தம்: 72,500

பீகிளுக்கு 430 மணி நேரம், சின்னதுக்கு 90. மொத்தம் 520. மணிக்கு சுமார் 140 ரூபாய். 1,180 எங்க, 140 எங்க! மொத்த செலவு கூடியிருக்கு, ஆனா ஒரு மணி நேரத்துக்கான செலவு எட்டுல ஒரு பங்கா இறங்கியிருக்கு. பீகிளை மட்டும் எடுத்துக்கிட்டா, அதுக்கு ஆன 56,500-ல பெட்டி மேல போட்டிருந்த விலை பாதி கூட இல்ல.

இந்தத் தப்பு கேப்டனுக்கே நடந்திருக்கு. பீகிளோட கேப்டன் ஃபிட்ஸ்ராய், ஆய்வு வேலைக்கு ஒரு கப்பல் போதலன்னு 1833-ல சொந்தக் காசுல ஏறக்குறைய 1,300 பவுண்டுக்கு இன்னொரு கப்பல் வாங்கினார். கடற்படைத் தலைமை பணத்தைத் திருப்பித் தரும்னு நம்பினார். வாங்கினதோட முடியல, பழுது பார்க்கற செலவு, ஆள் செலவு எல்லாம் வந்தது. தலைமை ஒத்துக்கல. 1834-ல வித்துட்டார். வாங்கற விலை வேற, வச்சுக்கற செலவு வேற.

வாரா வாரம் பாகம் வாங்கலாமா?

இதழோட சேர்த்து கொஞ்சம் கொஞ்சமா பாகம் அனுப்பற சந்தா முறை வெளிநாடுகள்ல பிரபலம். முதல் இதழ் ரொம்ப சீப்பா இருக்கும். ஆனா பெருக்கிப் பாருங்க: இதழ் 9 பவுண்ட், 120 இதழ்னா 1,080 பவுண்ட். இஎம்ஐ மாதிரிதான், மொத்தத் தொகை கண்ணுல படாது. இன்னொரு ரிஸ்க்கும் இருக்கு. இப்படி பாகம் பாகமா மாடல் வித்த பிரிட்டன் நிறுவனம் ஈகிள்மாஸ் 2022-ல நொடிச்சுப் போச்சு. மாடல் பாதியில நின்னவங்க நிறைய பேர்.

நான் இப்ப பின்பற்றற விதிகள்

1. ஹாபிக்குன்னு தனி ஆர்டி. மாசம் 2,500. அதுல சேர்ந்தா மட்டும்தான் அடுத்த கிட். கிரெடிட் கார்டு கிடையாது.
2. பெட்டி விலையை ரெண்டால பெருக்கி பட்ஜெட் போடறது.
3. ஒண்ணு முடியாம அடுத்தது வாங்கறதில்ல.
4. இது முதலீடு இல்ல. கட்டின மாடலை வித்தா நம்ம நேரத்துக்குக் காசு வராது. பாதி கட்டினதை யாரும் சீண்ட மாட்டாங்க. செலவுன்னு தெரிஞ்சே செய்யுங்க.
5. செலவு பேரை முழுசா எழுதறது. "இதர" கிடையாது.

கடைசி முடிச்சு போட்ட ராத்திரி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அந்தக் கணக்கு நோட்டுல இப்ப பேரை மாத்துங்க" அப்படின்னாங்க. பழைய பக்கத்தை எடுத்து "இதர செலவு"ங்கறதை அடிச்சிட்டு "கப்பல்"னு எழுதினேன்.

உங்க வீட்டுப் பரண்ல என்ன கிடக்கு? கிடாரா, தையல் மெஷினா, கேமராவா? இதுவரைக்கும் ஆன செலவையும் பயன்படுத்தின மணி நேரத்தையும் எழுதி ஒரு தடவை வகுத்துப் பாருங்க. வந்த நம்பரை கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல ஹாபி ஃபண்ட் எப்படி போடறதுன்னு பார்க்கலாம்.