செம்மஞ்சள் கூரை உணவு விடுதிகள்

ஒரு ஸ்தாபனம் வளர்ந்த விதத்தை ஆராய்வது போலவே, அது தேய்ந்த விதத்தை ஆராய்வதும் கணக்குப் பார்ப்போர்க்குப் பயன் தரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆயிரம் கிளைகள் வரை பரவிப் பின்னர் ஒன்றும் எஞ்சாது மறைந்த ஹோவர்டு ஜான்சன் உணவு விடுதிகளின் வரலாற்றை ஈண்டு சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம். பிறர் பெயரில் தம் முதலைப் போட்டுத் தொழில் நடத்துவோரின் நிலை யாது என்பதை அறிய இஃது ஏற்றதோர் உதாரணம்.

1925-ஆம் ஆண்டில், மாஸசூஸெட்ஸ் மாநிலத்துக் குயின்ஸி நகரில், ஹோவர்டு டீரிங் ஜான்சன் என்பவர் கடன் வாங்கி ஒரு சிறு மருந்துக் கடையை விலைக்குப் பெற்றார். தந்தையாரின் சுருட்டு வியாபாரம் விட்டுச்சென்ற கடன் ஏற்கெனவே அவர் தலைமேல் இருந்தது. கடையில் மருந்தைவிடச் சோடாவும் ஐஸ்கிரீமுமே நன்கு விற்பதைக் கண்ட அவர், ஐஸ்கிரீமில் வெண்ணெய்ச் சத்தை மிகுதியாக்கினார். சுவை வகைகள் நாளடைவில் 28 ஆயின. பாலில் நீர் சேர்த்து லாபம் தேடுவோர் எந்நாட்டிலும் உளர். இவரோ கொழுப்பைக் கூட்டி லாபம் கண்டார்.

1929-இல் குயின்ஸியிலேயே ஓர் உணவு விடுதியைத் திறந்தார். அவ்வாண்டு யூஜீன் ஓநீல் எழுதிய நாடகம் ஒன்றைப் பாஸ்டன் நகர மேயர் தடை செய்யவே, நாடகக் குழுவினர் குயின்ஸிக்கு வந்து அதை நடத்தினர். நாடகமோ மிக நீண்டது. இடையில் இராவுணவுக்கு விடுமுறை உண்டு. பாஸ்டன் நகரத்துச் சீமான்கள் இவ்விதமாக ஜான்சனின் விடுதிக்கு வந்து சேர்ந்தனர். அதிர்ஷ்டம் என்பதும் வியாபாரத்தில் ஒரு கணக்கினமே போலும்!

பொருளாதார மந்தம் சூழ்ந்த அக்காலத்தில் புதுக் கிளைகளுக்குப் பணம் திரட்டுவது எளிதாக இல்லை. ஆகவே ஜான்சன் வேறு வழி கண்டார். 1935-இல் கேப் காட் கடற்கரைப் பகுதியில் அவருடைய நண்பர் ஒருவர் தம் முதலில் விடுதி அமைத்தார். பெயரும் சரக்கும் ஜான்சனுடையவை. இம்முறையே பின்னர் விரிந்தது. கிளை உரிமையாளர் சொந்தப் பொறுப்பில் விடுதியை நடத்துவார். ஐஸ்கிரீம் முதலான பண்டங்களைத் தலைமை நிலையத்திலிருந்தே வாங்குவார். ஜான்சனுக்கு லாபம் அந்தச் சரக்கு விற்பனையில் கிட்டியது. பொதுச் சமையற் கூடங்களில் தயாரித்த உணவு குளிர்ப்பதனம் செய்யப்பட்டு லாரிகளில் சென்றது. எல்லா விடுதிகளிலும் ஒரே செம்மஞ்சள் கூரை, ஒரே சுவை. ஊழியர் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கும் அச்சிட்ட கையேடு உண்டு. வழிப்பயணத்தில் குழந்தைகளுடன் வரும் குடும்பத்தார், முன்பின் அறியாத ஊரிலும் கூரையைக் கண்டதும் நம்பி வண்டியை நிறுத்தினர்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு வந்தது. சாலையில் மோட்டார் இல்லையேல் விடுதியில் ஆள் இல்லை. சுமார் 200 ஆக இருந்த விடுதிகளில் 1944-இல் 12 மட்டுமே நடந்தன. போர் முடிந்தபின் மீட்சி விரைவாக ஏற்பட்டது; 1954-இல் விடுதிகள் 400, மாநிலங்கள் 32. தங்கும் மனைகளும் அவ்வாண்டில் தொடங்கின.

இவ்வளர்ச்சியில் ஒரு கறையும் உண்டு. 1957-இல் கானா நாட்டின் நிதி மந்திரி கோம்லா பெடெமா அவர்கள், டெலவேர் மாநிலத்து டோவர் நகர விடுதியில், கறுப்பர் என்ற காரணத்தால் உள்ளே அமர்ந்து உண்ண அனுமதிக்கப்படவில்லை. செய்தி உலகெங்கும் பரவவே, ஜனாதிபதி ஐஸன்ஹோவர் அவரைக் காலைச் சிற்றுண்டிக்கு அழைத்து வருத்தம் தெரிவித்தார். நிறப் பாகுபாடு காட்டியது இவ்விடுதி மட்டுமன்று. ஆயினும் அனைவரையும் வரவேற்பதாகத் தோன்றிய கூரையின் கீழ் அது நிகழ்ந்தது.

1959-இல் பொறுப்பு மகனிடம் சென்றது. 1961-இல் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. பிரெஞ்சுச் சமையற் கலைஞர் ழாக் பெப்பான், கென்னடி குடும்பத்தார் வெள்ளை மாளிகைக்கு அழைத்தும் செல்லாது, இந்நிறுவனத்தின் சமையற் கூடத்தில் சேர்ந்தார் என்றால் அதன் மதிப்பை ஊகிக்கலாம். 1970-களின் நடுவில் விடுதிகள் ஆயிரத்தைக் கடந்தன.

தேய்வு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. மக்டானல்ட்ஸ் முதலிய விரைவுணவுக் கடைகள், பரிமாறுவோர் இன்றிக் குறைந்த விலையில் உடனுக்குடன் உணவளித்தன. ஜான்சன் விடுதிகளிலோ மேஜைப் பணி, நீண்ட உணவுப் பட்டியல், பழைய கட்டடங்கள். 1973-இன் எண்ணெய் நெருக்கடி மீண்டும் சாலையை வெறிச்சோடச் செய்தது. நிர்வாகம் செலவைக் குறைப்பதில் கண்ணாயிருந்தது. எதைக் கூட்டி அப்பெயர் வளர்ந்ததோ, அதிலேயே கை வைத்தது எனலாம். ஆள் குறைந்தால் மேஜை அழுக்காகும். மேஜை அழுக்கானால் கூரையின் நிறத்தைக் கண்டு எவர் வண்டியை நிறுத்துவார்?

1979-இல் பிரிட்டனின் இம்பீரியல் குரூப் இந்நிறுவனத்தைச் சுமார் 63 கோடி டாலருக்கு வாங்கியது. ஆறே ஆண்டுகளில், 1985-இல், அதில் ஏறத்தாழப் பாதித் தொகைக்கு மாரியட் நிறுவனத்திற்கு விற்றுவிட்டது. மாரியட் விரும்பியது சாலையோர மனைகளையே; நிறுவனத்தின் சொந்த விடுதிகள் இடிக்கப்பட்டோ வேறு பெயர் பெற்றோ மறைந்தன. தங்கும் மனைகள் வேறு கைக்குச் சென்றன.

இவ்விற்பனைகளில் கிளை உரிமையாளர்க்கு வாக்கு இருந்ததில்லை என்பதே நம் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. முதல் அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது. பெயர் மட்டும் பிறருடையது. 1986-இல் அவர்கள் ஒன்றுகூடி ஒரு நிறுவனம் அமைத்துப் பெயரையும் பண்டங்களையும் காக்க முயன்றனர். ஆனால் பொதுச் சமையற் கூடமும் விளம்பரமும் ஆயிரம் விடுதிகளைத் தாங்குவதற்கென அமைந்தவை, எஞ்சியவர் சிலரே. இதற்கு மாறாக, கென்டக்கிப் பொரித்த கோழிக் கடைகளின் உரிமையாளர், தொழில் செழித்திருந்த 1978-இலேயே கொள்முதல் கூட்டுறவு ஒன்றை நிறுவிக் கோழியையும் பிற பொருள்களையும் மொத்தமாக வாங்கலாயினர்.

ஜான்சன் விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நியூயார்க் மாநிலத்து லேக் ஜார்ஜ் என்னும் ஊரில் எஞ்சியிருந்த கடைசி விடுதி 2022-இல் மூடப்பட்டது. தங்கும் மனைகள் சிலவற்றில் மட்டும் அப்பெயர் இன்றும் காணப்படுகின்றது.