வயலுக்கு அடியில் எண்ணெய்க் குழாய்: மறுப்புச் சொல்ல 21 நாள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டையை அடுத்த ஆசனூரில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எரிபொருள் முனையம் இருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சி, மதுரைக்கு பெட்ரோலும் டீசலும் நிலத்தடியில் போகும் குழாய்ப் பாதையில் அது ஒரு முக்கிய இடம். அங்கிருந்தே சங்ககிரிக்கு ஒரு கிளையும் பிரிகிறது. எண்ணெய்க் குழாய் என்றால் டெல்டாவின் கதிராமங்கலத்துக்காரர்களின் பிரச்சினை, கொங்குநாட்டு விவசாயிகளின் பிரச்சினை என்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் யாரும் ஒதுங்கிவிட முடியாது. நாளை இன்னொரு குழாய்க்கு அளவுக்கல் நட ஆள் வந்தால், நிலத்துக்காரர் எங்கே போய், யாரிடம், எத்தனை நாளுக்குள் 'வேண்டாம்' என்று சொல்ல முடியும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இங்கே மிகச் சிலரே.

இதே கேள்வி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பல ஆண்டுகளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. உலகத்தின் நிலமேல் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்குள்ள ஐம்பேரேரிகளில் இருக்கிறது. மிச்சிகன் ஏரியும் ஹியூரான் ஏரியும் சேரும் மேக்கினாக் நீரிணையின் அடித்தளத்தில், கனடாவின் என்பிரிட்ஜ் நிறுவனம் 1953இல் இரட்டைக் குழாய்களைப் போட்டது. 'லைன் 5' என்று பெயர். சுமார் 1,040 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையில் நாளொன்றுக்கு 5,40,000 பீப்பாய் வரை எண்ணெய் ஓடுகிறது. 2018 ஏப்ரலில் ஒரு கப்பலின் நங்கூரம் ஏரிக்கடியில் இழுபட்டுக் குழாயைக் கீறியது. குழாய் உடையவில்லை, ஆனால் ஊர் அதிர்ந்தது. 2010இல் அதே நிறுவனத்தின் வேறொரு குழாய் வெடித்து, 17 மணி நேரம் மூடப்படாமல், கலமசூ ஆற்றை எண்ணெயாக்கிய நினைவு அந்த மாநிலத்தில் இன்னும் ஆறவில்லை.

ஏரிப்படுகைக்கும் கீழே பாறையைக் குடைந்து ஒரு சுரங்கம் அமைத்து, புதிய குழாயை அதற்குள் வைக்கிறோம் என்றது நிறுவனம். நங்கூரம் எட்டாது, கசிந்தாலும் ஏரிக்கு வராது என்பது அவர்களின் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. எதிர்ப்பாளர்களின் பதில் எளியது: சுரங்கம் காப்பது சில கிலோமீட்டரை மட்டும். மீதி ஆயிரம் கிலோமீட்டரும் எழுபது வயதைத் தாண்டிய பழைய குழாய்தான், அதுவும் நூற்றுக்கணக்கான ஓடைகளையும் ஆறுகளையும் கடந்துதான் போகிறது. சுரங்கத்துக்குப் பணம் கொட்டிவிட்டால் அந்தப் பழைய குழாயை நிறுத்த யாருக்கும் மனம் வராது. அனிஷினாபே பழங்குடிகளுக்கோ இது 1836ஆம் ஆண்டு உடன்படிக்கை தந்த மீன்பிடி உரிமை சார்ந்த வழக்கு. 2023 டிசம்பரில் மாநிலப் பொதுச் சேவை ஆணையம் சுரங்கத்துக்கு அனுமதி தந்தது. 2025இல் மத்திய அரசு அவசர நடைமுறை என்று சொல்லி ஆய்வை விரைவுபடுத்தியபோது, அதில் பங்கேற்றுவந்த பல பழங்குடி அரசுகள் வெளியேறின. அங்கும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. அங்கே எதிர்ப்புக்கு உட்கார்ந்து பேச ஓர் இடம் இருந்தது. திட்ட வரைவு மக்கள் முன் வைக்கப்பட்டது, கருத்து கேட்கப்பட்டது.

தமிழ்நாட்டில் அந்த இடம் வயலும் சாலையும்தான். கொச்சியிலிருந்து பெங்களூருவுக்கு எரிவாயு கொண்டுபோகும் கெயில் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் போவதாகத் திட்டம். தென்னை வெட்டப்பட்டது, மஞ்சள் வயலில் பள்ளம் தோண்டப்பட்டது. விவசாயிகள் பொக்லைன் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் 2013 மார்ச்சில் தலைமைச் செயலாளர் கோவையில் அமர்ந்து அவர்களின் குறையைக் கேட்டார். அதன் பேரில் முதல்வர் ஜெயலலிதா, விளைநிலத்தை விட்டுவிட்டு தேசிய நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுபோங்கள் என்று அறிவித்தார். கெயில் வழக்குத் தொடர்ந்தது. 2013 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசின் ஆணையை ரத்து செய்தது, 2016 பிப்ரவரி 2இல் உச்ச நீதிமன்றமும் மாநிலத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. இது மத்தியச் சட்டத்தின் கீழ் நடப்பது, மாநில அரசு குறுக்கே நிற்க முடியாது என்பதே சாரம். ஒரு மாநில முதல்வரின் சொல்லே செல்லவில்லை என்றால், மூன்று ஏக்கர் வைத்திருப்பவரின் சொல்லுக்கு என்ன மதிப்பு? 2022 ஏப்ரலில் தர்மபுரி மாவட்டத்தில் இதே குழாய்க்காக நிலம் அளக்க வந்தபோது ஒரு விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த மத்தியச் சட்டம் 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்ச் சட்டம். நிலத்தை அது எடுப்பதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுக்கிறது. பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும், வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள். ஆனால் குழாய் போகும் நிலப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, குளமோ அணையோ எடுக்கக் கூடாது, மரம் நடக் கூடாது. நெல்லோ உளுந்தோ போடலாம். கெயில் திட்டத்தில் இந்தப் பட்டையின் அகலம் 20 மீட்டர், அதாவது 66 அடி. உங்கள் காட்டில் 660 அடி நீளத்துக்குக் குழாய் போனால் சரியாக ஒரு ஏக்கர். பயிர்ச் சேதத்துக்குத் தனியே இழப்பீடு உண்டு. நிலத்துக்கோ சந்தை மதிப்பில் 10 விழுக்காடு மட்டுமே. ஏக்கர் இருபது லட்சம் என்றால் இரண்டு லட்சம் கைக்கு வரும். அந்த ஏக்கரை அதற்குப் பிறகு யார் நல்ல விலைக்கு வாங்குவார், எந்த வங்கி முழு மதிப்புக்கு அடமானம் பிடிக்கும் என்று சட்டம் கேட்பதில்லை. தென்னையும் ஆழ்துளைக் கிணறும்தான் இங்கே ஒரு குடும்பத்தின் சேமிப்பு. அந்த இரண்டையும் அந்த நிலத்தில் இனி நினைக்க முடியாது.

மறுப்புச் சொல்லும் வழி இன்னும் குறுகல். அரசிதழில் அறிவிக்கை வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் தகுதிவாய்ந்த அலுவலரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அவர் நேரில் விசாரித்து அதை ஏற்கவோ தள்ளவோ ஆணையிடுவார்; தள்ளிவிட்டால் அறிக்கை டெல்லிக்குப் போகும், உரிமையை எடுக்கும் அறிவிப்பு அங்கிருந்து வரும். இதற்கிடையிலேயே நிலத்துக்குள் வந்து அளக்கவும் மண்ணைத் துளையிட்டுப் பார்க்கவும் சட்டம் அனுமதிக்கிறது. அரசிதழை யார் தினமும் படிக்கிறார்கள்? பெரும்பாலும் கிராமத்துக்குச் செய்தி வருவது வரப்பில் குச்சி நட்ட பிறகு.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்காதா என்று கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை, சூழல் கூருணர்வுப் பகுதி ஆகியவற்றின் வழியாகப் போகும் எண்ணெய், எரிவாயுக் குழாய்க்குத்தான் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். விளைநிலத்துக்கு அடியில் போவதற்குத் தேவையில்லை. அனுமதியே தேவையில்லாதபோது கூட்டத்துக்கும் வேலையில்லை. எதிர்ப்பு ஏன் எப்போதும் சாலை மறியலில் போய் முடிகிறது என்று புரியாதவர்கள் இந்த ஒரு விதியைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கல்வராயன் மலை மக்களுக்கும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு வலு தந்தது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 2009இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் சொன்னது. 2013 பிப்ரவரியில் அதே அமைச்சகம் சாலை, மின்பாதை, குழாய் போன்ற நீள்வாக்குத் திட்டங்களுக்கு அந்த ஒப்புதலிலிருந்து விலக்குக் கொடுத்தது. மிக நலிந்த பழங்குடிகளின் உரிமை பாதிக்கப்பட்டால் மட்டும் விலக்குக் கிடையாது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் அந்தப் பட்டியலில் இல்லை. டெல்டாவுக்கு 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் இந்த மாவட்டத்தைத் தொடவில்லை.

குழாய் வேண்டாம் என்பதா இதன் பொருள்? இல்லை. ஆயிரக்கணக்கான டேங்கர் லாரிகள் சாலையில் ஓடுவதைவிட நிலத்தடிக் குழாய் விபத்துக் குறைவானது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் குழாய்க் கசிவு வேறு மாதிரி ஆபத்து. லாரி கவிழ்ந்தால் உடனே தெரியும். குழாயில் அழுத்தம் சட்டென்று விழுந்தால் கட்டுப்பாட்டு அறைக் கருவி காட்டிக்கொடுக்கும், மெல்லிய அரிப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவது அதற்குத் தப்பிவிடும். கசிந்த பெட்ரோல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும், அதிலுள்ள பென்சீன் நீரில் கரைந்து நகரும். முதலில் சொல்வது கிணற்றுத் தண்ணீரின் வாடை. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் கலந்து வந்தபோது மக்கள் கண்டுபிடித்தது அப்படித்தான். 2017 ஜூன் 30இல் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. கேள்வி கேட்ட மக்கள் மீது தடியடி, பத்துப் பேர் கைது. 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் சிபிசிஎல் எண்ணெய் நிறுவனத்தின் குழாய் கசிய, மீனவர்கள் குழாயையே எடுத்துவிடச் சொல்லிப் போராடினார்கள்.

கள்ளக்குறிச்சியின் நீர் பெரும்பாலும் கடினப் பாறையின் வெடிப்புகளில் ஓடுகிறது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் அணைகளை நிரப்புகின்றன, மீதி கிணறுகளின் பாடு. பாறை வெடிப்பில் புகுந்த எண்ணெய் எந்தப் பக்கம் போகும், எத்தனை கிணறு தள்ளித் தலைகாட்டும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். அதனால்தான் 'எங்கே போகும்' என்ற கேள்வியைக் குழாய் வருவதற்கு முன்பே, உட்கார்ந்து, ஊர் முன்னிலையில் கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும். சுற்றுச்சூழல் அறிவிக்கையில் விளைநிலக் குழாய்களையும் சேர்ப்பது மத்திய அரசு ஒரு திருத்தத்தில் செய்யக்கூடிய வேலை.

அதுவரை கையில் இருப்பது 21 நாள்தான். அளக்க ஆள் வந்த அன்றே சட்டத்தின் 3(1) பிரிவின் கீழ் வந்த அரசிதழ் அறிவிக்கையின் தேதியைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான். ஆட்சேபத்தை ஒப்புகை பெற்றுக் கொடுக்க வேண்டும். அதில் 'எதிர்க்கிறோம்' என்ற ஒற்றை வரி போதாது: கிணறு, போர், மரங்கள், வீடு ஆகியவை எந்தப் புல எண்ணில் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்துடன் காட்ட வேண்டும். அறிவிக்கைக்கு முன்பே குடியிருப்பாக இருந்த இடத்துக்கு அடியில் குழாய் போகக் கூடாது என்று சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்வதால், வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பு ரசீதும் அங்கே சான்றாக நிற்கும். மாற்றுப் பாதையாக எந்தச் சாலை ஓரம் இருக்கிறது என்பதையும் அதிலேயே குறிப்பிடலாம். விசாரணைக்கு நேரில் போகலாம், வழக்கறிஞரையும் அனுப்பலாம். இழப்பீடு ஒத்துவராவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் போகும் உரிமை 10ஆம் பிரிவில் இருக்கிறது.